குடோனுக்கு ஃபயர் பம்ப் போடப் போறீங்களா? சைஸ், பேக்கப் ரெண்டையும் இப்படி முடிவு பண்ணுங்க

கப்பலூர், வாடிப்பட்டி, மேலூர் ரோடுன்னு மதுரையைச் சுத்தி எங்குட்டுப் போனாலும் இப்ப பெரிய பெரிய குடோனா ஏறிக்கிட்டு இருக்கு. கட்டுறவங்க முக்காவாசிப் பேருக்கு ஸ்பிரிங்க்ளர் (தீ சூடு பட்டா கூரையில இருந்து தானா தண்ணி தெளிக்கிறது) என்னன்னு தெரியும், ஆனா அதுக்குப் பின்னாடி இருக்குற பம்ப் பத்தி கேட்டா "கான்ட்ராக்டர் பாத்துக்குவாரு"ன்னு சொல்லிருவாங்க. நானும் ஒரு ஜவுளி குடோன் ப்ராஜெக்ட்ல மெயின்டனன்ஸ் பக்கம் இருந்து இந்த வேலையை முழுசா இழுத்து முடிச்சவன், ஒவ்வொரு பேப்பருக்கும் ஒவ்வொரு ஆள் பின்னாடி அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா எழுதுறேன். இது டிசைன் இன்ஜினியருக்கு இல்ல. ஓனர், மேனேஜர், மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்னு இந்த வேலை தலையில வந்து விழுந்தவங்களுக்கு. கணக்கை நீங்க போட வேணாம், ஆனா போட்டுத் தர்றவர் சரியாப் போட்டிருக்காரான்னு கேள்வி கேக்கத் தெரிஞ்சிருக்கணும்.

1. பம்புக்கு முன்னாடி சரக்கை எழுதுங்க

முதல்ல ஒரு வெள்ளைப் பேப்பர் எடுத்து உள்ள என்ன வைக்கப் போறீங்கன்னு எழுதுங்க. காட்டன் சுங்குடிச் சேலையா, பாலியஸ்டரா, பிளாஸ்டிக் குடமா, ரப்பர் பார்ட்ஸா, அட்டைப் பெட்டியில வருதா, பாலித்தீன் சுத்தி வருதா, மர பேலட்டா பிளாஸ்டிக் பேலட்டா, ரேக்ல அடுக்குறீங்களா தரையில அடுக்குறீங்களா, எவ்வளவு உயரம், அதுக்கு மேல கூரை எவ்வளவு உயரம். பம்ப் சைஸை முடிவு பண்றது இந்த விவரம்தான், கட்டடம் எத்தனை ஆயிரம் சதுர அடிங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

இங்க ஒரு பெரிய பொறி இருக்கு. இப்போதைக்கு 3 மீட்டர்தான் அடுக்குறோம்னு சொல்லி டிசைன் வாங்கிருவாங்க, ரெண்டு தீபாவளி சீசன் போனதும் இடம் பத்தலைன்னு ரேக்கை 6 மீட்டருக்கு ஏத்திருவாங்க, பம்பும் பைப்பும் அதே பழசாவே நிக்கும். அப்ப அந்த ஸ்பிரிங்க்ளர் பேருக்குத்தான் இருக்கு. அஞ்சு வருசத்துல எவ்வளவு உயரம் போவீங்களோ அதை இப்பவே எழுதி ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கிருங்க, பின்னாடி நீங்க சொல்லலை நான் சொல்லலைன்னு பேச்சு வராது.

இதே நேரத்துல எந்தக் கோடு, அதாவது எந்த விதிப் புத்தகத்துப்படி டிசைன்னும் கேட்டு முடிச்சுருங்க. நம்ம ஊர்ல தீயணைப்புத் துறை என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) என்பிசி 2016-ல, அதாவது தேசியக் கட்டட விதித் தொகுப்புல, நாலாம் பாகம் பாப்பாங்க, ஸ்பிரிங்க்ளருக்கு ஐஎஸ் 15105, பம்புக்கு ஐஎஸ் 15301 இருக்கு. ஆனா வெளிநாட்டு பையர் சரக்கு வச்சிருந்தீங்கன்னா அவங்க ஆடிட்டர் வந்து அமெரிக்க விதியான என்எஃப்பிஏ 13 (ஸ்பிரிங்க்ளருக்கு), என்எஃப்பிஏ 20 (பம்புக்கு)-ன்னு கேப்பாரு, சில இன்ஷூரன்ஸ் சர்வேயரும் அப்படித்தான். ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் பொருந்தாது. மூணு பேரையும் ஆரம்பத்துலயே கேட்டு, எது கடுமையா இருக்கோ அதுக்கு டிசைன் பண்ணுங்க. கட்டி முடிச்சுட்டு பம்பை மாத்துறது சாதாரணச் செலவு இல்ல.

2. எத்தனை லிட்டர் வேணும்

புதுசா வர்ற எல்லாரும் கேக்குற கேள்வி: "எங்கள்ட்ட 1500 ஹெட் (தண்ணி தெளிக்கிற முனை) இருக்கு, அத்தனைக்கும் தண்ணி அடிக்கிற மாதிரி பம்ப் வேணுமா?" வேணாம். ஸ்பிரிங்க்ளர் ஒவ்வொண்ணும் சூடு பட்டாத்தான் தனித்தனியா திறக்கும், சினிமாவுல காட்டுற மாதிரி மொத்தமா ஒண்ணா கொட்டாது. கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வச்சாலும் ஒரு பந்தியில எத்தனை இலை விழும்னுதானே பரிமாற ஆள் போடுவோம், அந்த மாதிரி, ஒரே நேரத்துல திறக்கும்னு எதிர்பாக்குற பரப்புக்குத்தான் கணக்கு. அதை டிசைன் ஏரியான்னு சொல்வாங்க. குடோன் ரெண்டு மடங்கு பெருசானாலும் சரக்கும் உயரமும் அதேன்னா டிசைன் ஏரியா மாறாது, பைப் நீளம் கூடுறதால கொஞ்சம் பிரஷர்தான் கூடும்.

கணக்கு இப்படிப் போகும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நிமிசத்துக்கு இத்தனை லிட்டர்னு ஒரு டென்சிட்டி, அதை டிசைன் ஏரியாவால பெருக்கணும். நம்ம ஊர் கோடுல மாடரேட் ஹசார்டுக்கு (நடுத்தரத் தீ ஆபத்து) 5 லிட்டர், 360 சதுர மீட்டர். பெருக்குனா 1800 லிட்டர். பம்புக்குப் பக்கத்துல இருக்குற ஹெட்டுல பிரஷர் அதிகமா இருந்து அதிகமாத் தண்ணி கொட்டும்ங்கிறதால அதுக்கு ஒரு 15, 20 சதவீதம் சேத்தா 2100 சொச்சம். அதனாலதான் எங்க பாத்தாலும் 2280 எல்பிஎம் (நிமிசத்துக்கு லிட்டர்) பம்ப் நிக்குது.

உயரமா ரேக் அடுக்குனா கதையே வேற. உதாரணத்துக்கு டிசைனர் 12.2 லிட்டர், 232 சதுர மீட்டர்னு குடுத்திருக்காருன்னு வச்சுக்குவோம். 2830 வரும். கூடுதல் சேத்தா 3300. இதோட ஹோஸ் பிடிச்சு அடிக்க ஒரு 1900 லிட்டர் சேக்கணும், தீயணைப்புக்காரங்க வந்து அதே டாங்க்ல இருந்துதான் எடுப்பாங்க. மொத்தம் 5200 எல்பிஎம். ஒரே அளவு கட்டடம்தான், சரக்கை மாத்துனதும் பம்ப் ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு பாருங்க.

ஈஎஸ்எஃப்ஆர்னு ஒரு வகை ஹெட் இருக்கு, உயரமான ரேக் குடோனுக்குன்னே வந்தது. அதுல ஏரியா கணக்கு இல்ல, பொதுவா 12 ஹெட் திறக்கும்னு எடுத்துக்குவாங்க. கே 200 ஹெட்டு (கே-ங்கிறது அந்த ஹெட்டு எவ்வளவு தண்ணி விடும்னு காட்டுற நம்பர்) 3.45 பார் பிரஷர்ல 371 லிட்டர் விடும், 12-ஆல பெருக்குனா 4450, ஹோஸுக்கு 950, மொத்தம் 5400. தண்ணி அளவு கிட்டத்தட்ட அதேதான், ஆனா பிரஷர் கூட வேணும், பதிலுக்கு டாங்க் சின்னதாகும், அதை அஞ்சாவதுல சொல்றேன். கூரைச் சரிவு அதிகமா இருந்தாலும், பீம், லைட் ஃபிட்டிங் குறுக்க வந்தாலும் இந்த ஹெட்டுக்கு ஆகாது, அதனால ஷெட் டிராயிங் முடியிறதுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க.

3. பிரஷரும் பம்ப் கர்வும்

பிரஷர் கணக்கு நாலு துண்டு. கடைசி ஹெட்டுல வேண்டிய பிரஷர், உயரம், பைப் உராய்வு, வால்வுகள். நம்ம உதாரணத்துல கே 115 ஹெட்டு, ஒண்ணு 9 சதுர மீட்டர் பாக்குது, அப்ப 110 லிட்டர் விடணும், அதுக்கு 0.9 பார் போதும். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார். உராய்வுக்கு 2.2 பார், அலாரம் வால்வு வகையறாவுக்கு 0.4. கூட்டுனா 4.5. கையில ஒரு அரை பார் வச்சுக்கிட்டா 5.

"எல்லாரும் 7 கிலோ (கிட்டத்தட்ட 7 பார்) பம்ப்தான் போடுவாங்க"ன்னு கான்ட்ராக்டர் சொன்னா சும்மா தலையாட்டாம ஹைட்ராலிக் கால்குலேஷன் ஷீட்டைக் குடுங்கன்னு கேளுங்க. அது இல்லாம வர்ற கொட்டேஷனை ஓரமா வச்சிருங்க.

அடுத்தது கர்வ், அதாவது எவ்வளவு தண்ணி ஓடுனா எவ்வளவு பிரஷர் இருக்கும்னு காட்டுற கோட்டுப் படம். ஃபயர் பம்ப் சாதா தண்ணி பம்ப் மாதிரி இல்ல. தண்ணி ஓடாம மூடி வச்சிருக்கும்போது பிரஷர் ரேட்டிங்ல 120 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ரேட்டிங்கைவிட ஒன்றரை மடங்கு தண்ணி ஓடுறப்ப பிரஷர் 65 சதவீதத்துக்குக் கீழ விழக் கூடாது. இது நம்ம ஊர் விதியில ஹாரிசான்டல் பம்புக்கு. என்எஃப்பிஏ மூடுன நிலையில 140 சதவீதம் வரைக்கும் விடும். இதைப் பயன்படுத்திக்கலாம், 5200 தேவைக்கு 5200 பம்ப்தான் வாங்கணும்னு இல்ல, 4550 எல்பிஎம் பம்ப் 114 சதவீதத்துல ஓடி அதைக் குடுத்துரும். ஆனா 150 வரைக்கும் போகும்னு சொல்லிக்கிட்டு கடைசி நுனியில கொண்டு போய் நிறுத்தாதீங்க. பைப் உள்ள துரு ஏறும், நம்ம போர் தண்ணி உப்பு எல்லாத்தையும் அடைக்கும், பத்து வருசம் கழிச்சு அந்தப் பம்புக்கு மூச்சு வாங்கும். 100-ல இருந்து 130-க்குள்ள நம்ம தேவை விழுற மாதிரி பம்ப் எடுக்கிறது என் கணக்குல நல்லது.

ரொம்பப் பெருசாவும் வேணாம். பிரஷர் கூடுனா சாதா ஃபிட்டிங் தாங்குற 12.1 பார் எல்லையைத் தொட்டுரும், அப்புறம் பைப், வால்வு எல்லாமே வேற ரேட்டு.

வாங்குற பேப்பர்: ஃபேக்டரியில டெஸ்ட் பண்ணி சீல் போட்ட கர்வ், உங்க பம்ப் சீரியல் நம்பரோட. கேட்டலாக்ல இருக்குற பொதுக் கர்வைப் பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க, அது வேணாம்.

4. மோட்டார், இன்ஜின் எத்தனை கிலோவாட்

நிமிசத்துக்கு எத்தனை லிட்டர்ங்கிறதை மீட்டரால (1 பார் பிரஷர்னா கிட்டத்தட்ட 10 மீட்டர்) பெருக்கி 6120-ஆல வகுத்து, வந்ததை எஃபிஷியன்சியால வகுத்தா கிலோவாட் வரும். மேல சொன்ன 5 பார் இல்லாம, 7 பார் பம்ப்னு ஒரு உதாரணம் வச்சுக்குவோம்: 4550 லிட்டர், 70 மீட்டர், 72 சதவீதம்னா 72 கிலோவாட். இதைப் பாத்து 75 மோட்டார் கோட் பண்ணுவாங்க. 150 சதவீத ஓட்டத்துல எவ்வளவுன்னு கேளுங்க, எஃபிஷியன்சி விழுறதால அங்க 82 கிட்ட வரும். அப்ப 90 கிலோவாட் மோட்டார். ஃபயர் பம்ப் மோட்டார் கர்வோட எந்த இடத்துலயும் ஓவர்லோடு ஆகக் கூடாது.

டீசல் இன்ஜினுக்கு இன்னொரு விஷயம், வெயில். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 5.6 டிகிரிக்கும் 1 சதவீதம் பவர் கழிக்கச் சொல்றாங்க. அக்னி நட்சத்திரத்துல தகர ஷீட் போட்ட பம்ப் ரூமுக்குள்ள நின்னு பாத்தா எவ்வளவு கழிக்கணும்னு உங்களுக்கே தெரியும். கூரையை கான்கிரீட்டா போடுங்க, காத்து உள்ள வர ஒரு பக்கம், சூடு வெளிய போக இன்னொரு பக்கம் லூவர் வைங்க. இன்ஜின் கூலிங் ரெண்டு வகை, ரேடியேட்டர், இல்லைன்னா பம்ப் தண்ணியையே எடுத்துக் கூல் பண்ற ஹீட் எக்ஸ்சேஞ்சர். ரெண்டாவதுன்னா போர் தண்ணி உப்பு படிஞ்சு உள்ள அடைக்கும், வருசா வருசம் கழட்டிக் கழுவணும்னு ஏஎம்சியில (வருசப் பராமரிப்பு ஒப்பந்தம்) எழுதிக்கோங்க.

5. டாங்கும் சக்ஷனும்

தண்ணி 90 நிமிசம் தாங்கணும்னு வச்சா, 5200 லிட்டரை 90-ஆல பெருக்குனா 4 லட்சத்து 68 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி கணக்குல 39 லோடு. ஈஎஸ்எஃப்ஆர் போட்டா 60 நிமிசம்தான், 3 லட்சத்து 24 ஆயிரம். ஒன்றரை லட்சம் லிட்டர் சம்ப் கட்டுற செலவு மிச்சம், அதை ஹெட் விலையோட ஒப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணுங்க. மொத்த வேலையில பல பேருக்கு அதிகமா காசு முழுங்குறது பம்ப் இல்ல, டாங்க்தான்.

சொல்ற கொள்ளளவு எல்லாமே பம்ப் எடுக்க முடியிற தண்ணி. சக்ஷன் (பம்ப் தண்ணியை உறிஞ்சுற பைப்) வாய்க்குக் கீழ கிடக்குறது கணக்குல வராது. சிவில் கான்ட்ராக்டர் நீளம் அகலம் உயரம் பெருக்கிச் சொல்ற நம்பரை அப்படியே நம்பாதீங்க. டாங்கை ரெண்டு அறையாப் பிரிச்சுக் கட்டுங்க, ஒண்ணைக் கழுவும்போது இன்னொண்ணுல தண்ணி இருக்கும். தோட்டம், பாத்ரூம் லைனை இந்த டாங்க்ல இருந்து எடுக்க விடாதீங்க, எடுத்தே ஆகணும்னா ஃபயர் அளவுக்கு மேல இருந்து எடுக்குற மாதிரி பைப்பை வைக்கணும். காலி ஆனா 8 மணி நேரத்துல திரும்ப நிரம்பணும்னு என்எஃப்பிஏ கேக்கும், சித்திரை மாசம் உங்க போர் எவ்வளவு விடுதுன்னு பாத்துட்டு லாரிக்காரர்கிட்டயும் பேசி வைங்க.

பம்ப் டாங்க் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கணும். அதாவது தண்ணி தானா பம்புக்குள்ள வந்து நிக்கணும். தரைக்குக் கீழ சம்ப், மேல பம்ப்னு வச்சா பைப்ல தண்ணி இறங்கிப் போகாம இருக்க ஃபுட் வால்வு, பம்புல தண்ணி நிரப்பி வைக்க பிரைமிங் டாங்க்னு எல்லாம் வரும், ஃபுட் வால்வுல ஒரு துணிப் பிசிறு மாட்டுனா போதும், பம்ப் காத்தைச் சுத்திக்கிட்டு நிக்கும். என்எஃப்பிஏ அந்த இடத்துல ஹாரிசான்டல் பம்பையே ஒத்துக்காது, தண்ணிக்குள்ள இறக்குற வெர்டிகல் டர்பைன் பம்ப் போடச் சொல்லும். இடம் இருந்தா தரைக்கு மேல டாங்க் கட்டுங்க, தொல்லை விட்டுச்சு.

சக்ஷன் பைப்பைச் சின்னதாக்கி பம்போட சேக்குற ரெட்யூசர் எக்சென்ட்ரிக்கா (ஒரு பக்கம் தட்டையா) இருக்கணும், தட்டைப் பக்கம் மேல. இதைத் தலைகீழா மாட்டுன பம்ப் ரூம் நிறைய இருக்கு, காத்து அங்க தங்கிரும்.

6. பேக்கப்

இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க. பணம் போட்டும் பலன் இல்லாமப் போறது பெரும்பாலும் இங்கதான்.

வழக்கமான செட் இதுதான்: ஒரு எலெக்ட்ரிக் மெயின், அதே கொள்ளளவுல ஒரு டீசல், 180 எல்பிஎம்ல ஜாக்கிங்கிற சின்ன பம்ப். ஜாக்கி லைன்ல பிரஷரைப் பிடிச்சு வைக்க மட்டும், தீயணைக்க இல்ல.

பெரிய சிஸ்டத்துல தேவை 9000 எல்பிஎம்னு வந்தா, ரெண்டு 4550 எலெக்ட்ரிக், ஒரு 4550 டீசல் ஸ்டாண்ட்பைன்னு கோட் பண்ணுவாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கும், மூணுல ஒண்ணு கெட்டாலும் ரெண்டு இருக்கேன்னு. ஆனா கரன்ட் போனா? ரெண்டு எலெக்ட்ரிக்கும் ஒண்ணா நிக்கும். டீசல் மட்டும் பாதித் தண்ணியோட ஓடிக்கிட்டு இருக்கும். பம்ப் ஒண்ணொண்ணாக் கெடும்னு வச்சுக் கணக்குப் போடாதீங்க, கரன்ட் போனா என்ன மிச்சம்னு போடுங்க. மிச்சம் இருக்குறது மொத்தத் தேவையையும் தாங்கணும். அப்படின்னா டீசலும் ரெண்டு வேணும், இல்லைன்னா எலெக்ட்ரிக்குக்குத் தனி ஜெனரேட்டர் வேணும்.

ஹைட்ரன்ட்டுக்கு (ஹோஸ் மாட்டித் தண்ணி அடிக்கிற குழாய்) ஒரு எலெக்ட்ரிக், ஸ்பிரிங்க்ளருக்கு ஒரு எலெக்ட்ரிக், ரெண்டுக்கும் பொதுவா ஒரு டீசல்னு போடுறதும் நம்ம ஊர்ல சகஜம். அங்கயும் இதே கேள்விதான். ஒரே தீயில ரெண்டும் சேந்து வேலை செய்யும், அந்த ஒரு டீசல் ரெண்டையும் தாங்குமா?

"ஜெனரேட்டர் இருக்கே, டீசல் பம்ப் எதுக்கு"ன்னு ஓனர் கேப்பாரு. 90 கிலோவாட் மோட்டார் ஓடுறப்ப 150, 160 ஆம்ப்தான், ஆனா நேரடியா ஸ்டார்ட் பண்ணா ஆறு மடங்கு, 900-க்கு மேல இழுக்கும். ஏசி, லிஃப்ட் எல்லாம் ஏத்தி வச்சிருக்குற ஜெனரேட்டர் அந்த நொடியில குப்புற விழுந்துரும். ஜெனரேட்டரை நம்புறதா இருந்தா ஸ்டார்ட்டிங்கோட சேத்து சைஸ் பண்ணி, மத்த லோடைக் கழட்டி விடுற ஏற்பாடும் வேணும்.

கேபிள். தீ பிடிச்சதும் எல்லாரும் செய்யிற முதல் வேலை மெயினை ஆஃப் பண்றது. ஃபயர் பம்ப் ஃபீடர் அந்த மெயினுக்குப் பின்னாடி இருந்தா பம்பும் அதோட போச்சு. மெயின் பிரேக்கருக்கு முன்னாடியே தனியா எடுத்து, குடோன் உள்ள போகாம வெளிய தரைக்கடியில கொண்டு போங்க, சுவிட்ச்ல சிவப்பு பெயின்ட்ல "தீயணைப்பு பம்ப், அணைக்காதே"ன்னு தமிழ்லயே எழுதுங்க. பம்ப் ரூமும் குடோன்ல இருந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

டீசலுக்குப் பேட்டரி ரெண்டு செட், சார்ஜரும் ஒவ்வொண்ணுக்கும். கன்ட்ரோலர் 15 விநாடி சுத்தி 15 விநாடி ஓய்வுன்னு ஆறு தடவை முயற்சி பண்ணும், ஒரு பேட்டரி செத்தா மத்ததுக்குத் தாவும். எரிபொருள் டாங்குக்கு என்எஃப்பிஏ கணக்கு கிலோவாட்டுக்கு 5.07 லிட்டர், மேல 10 சதவீதம். 100 கிலோவாட் இன்ஜின்னா 560 லிட்டர் ஆச்சு. டீசலை ஒரு டாங்க்ல 1000 லிட்டருக்கு மேல போகாம, மொத்தம் 2500 லிட்டருக்குள்ள வச்சுக்கிட்டா பெட்ரோலியம் லைசென்ஸ் வேணாம், ஆனா ஜெனரேட்டர் டீசலையும் சேத்துத்தான் அந்த 2500.

பிரஷர் இறங்குனதைப் பாத்து பம்பை ஸ்டார்ட் பண்ற மூணு பிரஷர் சுவிட்சையும் ஒரே சென்சிங் லைன்ல மாட்டிருவாங்க. அந்த அரை இன்ச் பைப் அடைச்சா மூணு பம்புமே குருடு. ஒவ்வொண்ணுக்கும் தனி லைன் கேளுங்க. செலவு ஒண்ணும் பெருசு இல்ல.

7. எந்த பிரஷர்ல எது ஸ்டார்ட் ஆகணும்

பம்ப் மூடுன நிலையில 8.2 பார், டாங்க் தண்ணி உயரம் 0.2 பார்னா, ஜாக்கி 8.4-ல நிக்கணும், 7.7-ல ஸ்டார்ட், எலெக்ட்ரிக் 7.3-ல, டீசல் 6.6-ல. ரெண்டு பெரிய பம்பும் ஒரே நொடியில ஸ்டார்ட் ஆகாம 5, 10 விநாடி இடைவெளி விடுங்க. மெயின் பம்ப் தானா ஸ்டார்ட் ஆகணும், ஆனா ஆள் போய் கையாலதான் நிறுத்தணும். தானா நிக்கிற மாதிரி செட் பண்ணிக் குடுத்தா மாத்தச் சொல்லுங்க. இந்த நாலு நம்பரையும் பேனல் கதவுல எழுதி ஒட்டிருங்க, சர்வீஸுக்கு வர்றவர் திருகிட்டுப் போனா கண்டுபிடிக்க அது ஒண்ணுதான் வழி.

8. பேப்பர் வேலை, எது முன்ன எது பின்ன

தீயணைப்புத் துறையில ரெண்டு கட்டம். கட்டுறதுக்கு முன்னாடி டிராயிங் பாத்து ஒரு என்ஓசி, கட்டி முடிச்சதும் நேர்ல வந்து பம்பை ஓட்டிப் பாத்து இன்னொண்ணு. ஆன்லைன்ல போடணும், அதுக்கு முன்னாடி மாவட்ட தீயணைப்பு அலுவலகத்துல டிராயிங்கோட ஒரு நடை போய்ப் பேசிட்டு வாங்க. அவங்க இந்த ஊர்த் தெருவுல நிஜமா தீயோட போராடுறவங்க, 2020 தீபாவளி அன்னிக்கு ஜவுளிக்கடைத் தீயில கட்டடம் இடிஞ்சு ரெண்டு தீயணைப்பு வீரர்களை இழந்த ஊர் இது, ஜவுளி குடோன்னு சொன்னதும் அவங்க கேக்குற கேள்வி வேற மாதிரி இருக்கும். வண்டி எங்க நிக்கும், டாங்க்ல இருந்து நாங்க எங்க எடுக்கிறது, லைனுக்குள்ள நாங்க தண்ணி ஏத்த இன்லெட் எங்கன்னு கேப்பாங்க, டிராயிங்ல மூணையும் காட்டிருங்க.

ஃபைல்ல இருக்க வேண்டியது: சைட் பிளான், சரக்கு விவரப் பேப்பர், ஹைட்ராலிக் கால்குலேஷன், பம்ப் ரூம் டிராயிங், பம்ப் கர்வ், மோட்டார், இன்ஜின் டேட்டா ஷீட், டாங்க் டிராயிங். உள்ள தையல், பேக்கிங்னு வேலை நடந்தா ஃபேக்டரி கணக்குல வரலாம், அப்ப தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்து பிளான் அப்ரூவலும் இருக்கு.

ஈபி தனிக்கதை. 90 கிலோவாட் கூடுனா எல்டி (தாழ்வழுத்த) கனெக்ஷன் எச்டிக்கு (உயரழுத்தம்) தள்ளிரலாம். எச்டி ஆயிட்டா நீங்க வாங்கி வச்ச டிமாண்டுல (ஈபிகிட்ட ஒப்பந்தம் போட்ட மின் அளவு) 90 சதவீதத்துக்காவது மாசாமாசம் காசு கட்டணும், பம்ப் ஓடுனாலும் ஓடலைன்னாலும். அதனால ஃபயர் பம்புக்கு எவ்வளவு டிமாண்ட் சேக்கணும்னு எலெக்ட்ரிக்கல் கன்சல்டன்ட்கிட்ட உக்காந்து பேசிட்டு அப்புறம் அப்ளிகேஷன் போடுங்க. இந்த வேலை மெதுவாத்தான் நகரும், டாங்க்குக்குக் குழி தோண்டுற அன்னிக்கே இதை ஆரம்பிச்சுருங்க.

வரிசை இதுதான்: சரக்கு விவரம், சர்வேயர், கால்குலேஷன், என்ஓசி, அப்புறம் டாங்க், பம்ப் ஆர்டர், ஈபி மூணும் ஒண்ணா. என்ஓசிக்கு முன்னாடி பம்புக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க. அவங்க ஒரு பம்ப் கூட்டச் சொன்னா பேஸ் பிளேட்டுல இருந்து எல்லாம் மாறும்.

9. காசு

கொட்டேஷன் மூணு வாங்குனா மூணும் மூணு மாதிரி இருக்கும், மொத்தத் தொகையை மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்க. குறைஞ்ச ரேட் குடுத்தவர்கிட்ட இதெல்லாம் சேந்துருக்கான்னு ஒவ்வொண்ணா கேளுங்க: ஃப்ளோ மீட்டர், டாங்குக்குத் திரும்புற டெஸ்ட் லைன், ரெண்டாவது பேட்டரி செட், இன்ஜின் சைலன்சர் பைப் வெளிய வரைக்கும், கேபிள், பேனல், கமிஷனிங், முதல் ஃபில் டீசல். இதுல பாதி "உங்க ஸ்கோப்"னு கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

யூஎல், எஃப்எம்ங்கிற அமெரிக்கச் சோதனை நிறுவனங்களோட முத்திரை வச்ச பம்ப் செட் சாதா ஐஎஸ் செட்டைவிட நல்லாவே கூட வரும், டெலிவரியும் லேட்டாகும். இன்ஷூரன்ஸோ பையரோ எழுத்துல கேட்டா மட்டும் அதுக்குப் போங்க. பம்ப் மட்டும் முத்திரை, இன்ஜினும் கன்ட்ரோலரும் சாதான்னு கலந்து குடுத்தா அதுக்குக் கூடக் காசு குடுக்குறதுல அர்த்தமே இல்ல.

கடைசி 10 சதவீதப் பணத்தை ஃப்ளோ டெஸ்ட் முடிஞ்சப்புறம் குடுக்கிறதுன்னு ஆர்டர்லயே எழுதுங்க. வெறுமனே "கமிஷனிங் முடிஞ்சதும்"னு எழுதுனா பம்பை ஆன் பண்ணிக் காட்டிட்டு செக் கேப்பாங்க.

10. கையில வாங்குற அன்னிக்கும் அதுக்கப்புறமும்

பைப் எல்லாம் ஃபிளஷ் பண்ணி, 13.8 பார்ல ரெண்டு மணி நேரம் நிறுத்திப் பாக்கணும். அப்புறம் பம்பை மூணு இடத்துல ஓட்டுங்க: மூடுன நிலை, 100 சதவீதம், 150 சதவீதம். எலெக்ட்ரிக்கும் டீசலும் ரெண்டுமே. ஃபேக்டரி கர்வைப் பக்கத்துல வச்சு மூணு புள்ளியையும் அதே பேப்பர்ல குறிங்க. 150-க்கு மீட்டர் பத்தலைன்னு சொன்னா மீட்டரை மாத்தச் சொல்லுங்க.

அடுத்து ஈபி மெயினை இறக்கிட்டு தூரத்துல இருக்குற டெஸ்ட் வால்வைத் திறங்க. யாரும் பம்ப் ரூம்ல கை வைக்கக் கூடாது. டீசல் தானா எழுந்திருக்கணும். ஒரு பேட்டரி செட்டைக் கழட்டிட்டு திரும்பவும் ஒரு தடவை.

அப்புறம் வாரா வாரம் டீசல் 30 நிமிசம், எலெக்ட்ரிக் 10 நிமிசம். அஞ்சு நிமிசம் ஓட்டி நிறுத்துனா இன்ஜின் சூடே ஏறாது, புகை படிஞ்சு கெடும். எலெக்ட்ரிக் டெஸ்டை உங்க மெஷின் எல்லாம் நிக்கிற ஞாயித்துக்கிழமை காலையில வைங்க, வேலை நாள்ல ஓட்டுனா அந்த மாச மேக்ஸிமம் டிமாண்ட் ஏறி ஈபி பில்லுல தெரியும். 150 சதவீத டெஸ்ட் வருசத்துக்கு ஒண்ணு.

டீசல் பேனல் சுவிட்ச் ஆட்டோவுல இருக்கான்னு தினம் ஒருத்தர் பாத்து நோட்டுல கையெழுத்துப் போடணும். ராத்திரி சத்தம் வருதுன்னு வாட்ச்மேன் அண்ணன் ஆஃப்ல போட்டுட்டுத் தூங்குறது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான், அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஜாக்கி அடிக்கடி ஓடி மெயின் எழும்புதுன்னா எங்கயோ லைன் லீக், அதைச் சரி பண்ணா சத்தமும் நின்னுரும். ஆட்டோவுல இல்லைன்னா செக்யூரிட்டி கேபின்ல அலாரம் அடிக்கிற மாதிரி ரெண்டு வயர் இழுத்து வைங்க. பேட்டரி வாங்குன தேதியை பேட்டரி மேலயே மார்க்கர்ல எழுதிருங்க, டெஸ்ட் நோட்டை பம்ப் ரூம்ல தொங்க விட்டு ஒரு காப்பியை ஆபீஸ்ல வைங்க, என்ஓசி புதுப்பிக்கப் போறப்ப அந்த நோட்டைத்தான் முதல்ல கேப்பாங்க.